ஆடலும் ஆரவாரமும் ஆரோக்கியமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒரு மாணவி, அடுத்த நான்காண்டுகளுக்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்க அமரும்போது, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் என்னும் கட்டாயப் பாடங்களுக்கு அடுத்தபடியாக, விருப்பப் பாடங்களின் வரிசையிலே நாடகம், நடனம், சியர்லீடிங் என்று வழங்கும் உற்சாகக் குழுப் பயிற்சி, மருத்துவ சுகாதாரத் தொழில்களுக்கான அறிமுகம் ஆகியவை அருகருகே நிற்பதைப் பல பள்ளிகளில் காண்கிறாள். முதல் மூன்றும் பொழுதுபோக்கு, நான்காவது ஒன்றே பிழைப்புக்கு வழி என்று எண்ணுகிற பெற்றோர் பலர். நடனமும் நாடகமுமே மனத்தைப் பண்படுத்துவன, சுகாதார வகுப்பு வெறும் தொழிற்பயிற்சி என்று எண்ணுகிற கலை ஆசிரியர்களும் உண்டு. இந்தப் பாடங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்த வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் இவ்விரு எண்ணங்களுக்கும் ஆதாரம் கிடைப்பதில்லை. மனித சரீரத்தையும், பிறர் முன்னிலையில் அதை ஆளும் முறையையும் பற்றிய ஒரே கல்வியின் நான்கு கிளைகளே இவை என்பதும், ஒன்றின் பயனை மற்றொன்று அறியாதவாறு தனித்தனி அறைகளில் அவற்றை அடைத்து வைத்திருப்பதால் மாணவர்கள் அடையும் நஷ்டம் பெரிது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

நாடகம் பள்ளிக்குள் நுழைந்தது பெரும்பாலும் ஆண்டுவிழாவின் வாயிலாகத்தான். அது பாடமாக உயர்ந்ததற்கு இரண்டு பெண்மணிகளின் உழைப்பு பெரிதும் காரணம். சிகாகோ நகரை அடுத்த எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆசிரியையாக விளங்கிய வினிஃப்ரெட் வார்டு, 1920ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ப் பொதுப் பள்ளிகளில், எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்காமல் குழந்தைகள் தாமே கதையை உணர்ந்து நடித்துக் காட்டும் முறையைப் புகுத்தினார். 1925இல் சிறுவர் நாடக அரங்கு ஒன்றை அந்நகரில் நிறுவினார். பார்வையாளரை மகிழ்விப்பதைக் காட்டிலும் நடிக்கும் பிள்ளையின் உள்ளம் விரிவதே முதற்பயன் என்பது அவர் கொள்கை. சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்னும் சமூக இல்லத்தில் நேவா பாய்டு அம்மையாரிடம் விளையாட்டின் வழியே கற்பிக்கும் வித்தையைப் பயின்ற வயோலா ஸ்போலின், வெவ்வேறு மொழி பேசும் குடியேறியோர் வீட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவாக இயங்கச் செய்வதற்கென்று அரங்க விளையாட்டுகளை உருவாக்கி, அவற்றை 1963இல் நூலாக வெளியிட்டார். இன்று அமெரிக்க நாடக வகுப்புகளில் நடைபெறும் தொடக்கப் பயிற்சிகளில் அந்த விளையாட்டுகளின் சாயலைக் காணாதிருப்பது அரிது. 1929இல் தோன்றிய தெஸ்பியன் சங்கம், உயர்நிலைப் பள்ளிகளில் நாடகத்தில் சிறந்து உழைக்கும் மாணவர்களை இன்றளவும் கௌரவித்து வருகிறது.

நாடக வகுப்பின் முதற்சில வாரங்களில் மாணவர் கற்பது மேடையின் பூகோளம் எனலாம். மேடையின் வலமும் இடமும் நடிகனுடைய வலமும் இடமுமே ஆதலால், எதிரே அமர்ந்து கட்டளையிடும் ஆசிரியர் தம் கையைத் தலைகீழாக மாற்றி எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேசுகிறவன் உடலை முழுதும் தோழன் பக்கம் திருப்பிவிடாமல், முகத்தின் முக்காற்பங்கு சபைக்குத் தெரியுமாறு நிற்க வேண்டும். ஒருவன் மற்றவனை மறைக்கலாகாது. ஒத்திகையில் குறித்த இடத்தை விட்டு நகரலாகாது, ஏனெனில் விளக்கு அங்கேதான் விழும். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக ஆடரங்கை அளந்து, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் படித்தறிந்த தமிழ் வாசகர்க்கு, இந்த நுட்பங்கள் புதுமையாய்த் தோன்றா.

இவற்றினும் முக்கியமானது குரல். கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கேட்க வேண்டுமென்றால் தொண்டையை இறுக்கிக் கத்துவது பயன் தராது. விலாவின் அடிப்புறம் விரியுமாறு மூச்சை இழுத்து, உதரவிதானத்தின் துணையால் அதனைச் சீராக விடுத்து, வாயை நன்கு திறந்து மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரிக்க வேண்டும். இந்தப் பயிற்சியை நன்றாகச் செய்விக்கும் ஆசிரியர், தம்மை அறியாமலே சுவாச சாஸ்திரத்தின் முதற் பாடத்தையும் கற்பித்துவிடுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பள்ளி நாடகங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்டுக்கொரு முறை பெரும் பொருட்செலவில் இசைநாடகம் ஒன்றை அரங்கேற்றுவதிலேயே பல பள்ளிகளின் சக்தியெல்லாம் கழிந்துபோக, இயல்பாகவே பாடவும் ஆடவும் வல்ல சிலர்க்கு மட்டும் மேடை கிடைத்து, கூச்சமுள்ள பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்த நாளில் இருந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ நாடகம் 1938இல் மேசை நாற்காலிகளையும் ஏணிகளையும் தவிர வேறு காட்சியமைப்பின்றி மேடையேறியது. அன்றுமுதல் எண்ணற்ற பள்ளிகள் அதை நடித்து வருவதே, பொருட்செலவு கலைக்கு இன்றியமையாதது அன்று என்பதற்குப் போதிய சான்று.

நடனத்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்வியில் நடனத்துக்குத் தனியிடம் தேடித் தந்தவர் மார்கரெட் ஹெச்டப்ளர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று, அங்கேயே பெண்களுக்குக் கூடைப்பந்து கற்பித்துக்கொண்டிருந்த அவர், மேற்படிப்புக்காக நியூயார்க் சென்று, அங்கே நடன ஆசிரியர்கள் பலரைக் கண்டு மீண்டு, 1917இல் நடன வகுப்பைத் தொடங்கினார். அவ்வகுப்பு அக்காலத்து வழக்கத்துக்கு முற்றும் மாறானது. ஆசிரியர் ஆடிக் காட்ட மாணவர் பார்த்து ஆடும் சம்பிரதாயத்தை அவர் விலக்கிவைத்தார். மாணவியரைத் தரையில் படுக்கச் செய்து, உடலின் பாரத்தைத் தாங்கும் கவலையினின்றும் அவர்களை விடுவித்து, ஒவ்வொரு மூட்டும் எத்திசைகளில் எவ்வளவு அசையும் என்பதை அவர்களே ஆராய்ந்து அறியச் செய்தார். எலும்புக்கூடு ஒன்றையும் வகுப்பறையில் நிறுத்தி, இடுப்பெலும்பின் குழியில் தொடையெலும்பின் தலை சுழல்வதைக் காட்டி விளக்கினார். 1926இல் அப்பல்கலைக்கழகம் நடனத்தைப் பட்டப்படிப்பாக ஏற்றது. அந்நாட்டில் அதுவே முதலாவது. நடனக் கல்வி அங்கே உயிரியலின் மடியில் பிறந்தது என்பதை நாடகக் கொட்டகைகளின் வரலாற்றை மட்டும் படிப்பவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அந்தப் பிறப்பை மறந்ததன் விளைவுகளைப் பள்ளிகளில் பிரத்தியட்சமாகக் காணலாம். பாலே நடனத்தில் பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்கும் நிலை ஒன்றுண்டு. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தே வர வேண்டும். இடுப்பு இடங்கொடாதபோது பாதத்தை மட்டும் தரையில் ஊன்றித் திருகுகிற சிறுமியின் முழங்கால் அந்தத் திருகலைச் சுமக்கிறது. ஒருவரது இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பது பெருமளவு அவரவர் எலும்பமைப்பைப் பொறுத்தது; ஆகவே வகுப்பு முழுவதும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியர் இயற்கையோடு மல்லுக்கு நிற்கிறார். நடன அறையின் தரை சற்றே அழுந்திக் கொடுக்கும் மரத்தளமாக இருத்தல் வேண்டும் என்பதும் பல பள்ளிகளில் ஏட்டளவிலேயே நிற்கிறது. கான்கிரீட்டின் மேல் மெல்லிய விரிப்பை இட்டு அதன்மேல் குதிக்கச் செய்தால் காலெலும்புகள் அதற்குரிய விலையைக் கொடுக்கின்றன.

மைதான நடனத்தின் கதை வேறு. டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே எண்ணெய் வளத்தால் செழித்த கில்கோர் என்னும் ஊரின் கல்லூரியில், கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் ஜனங்கள் இருக்கையை விட்டு எழாதிருக்க ஒரு காட்சி வேண்டும், பெண்கள் கல்லூரிக்கு வருவதற்கும் அது ஒரு தூண்டுதலாக வேண்டும் என்ற எண்ணத்தோடு, கஸ்ஸி நெல் டேவிஸ் 1940இல் ரேஞ்சரெட்ஸ் என்னும் அணிநடனக் குழுவை அமைத்தார். வரிசை குலையாமல் காலை உயர்த்தி ஆடும் அக்குழுவைப் பார்த்துத் தென்மாநிலப் பள்ளிகள் பல தாமும் குழுக்கள் கண்டன. ஒழுங்கும் கூட்டுணர்வும் அவற்றின் நன்மைகள். எல்லோரும் ஒரே உருவமாய்த் தோன்ற வேண்டும் என்ற விதியோ, வளர்கிற வயதுப் பெண்கள் உணவைக் குறைத்துக்கொள்வதற்கு இடங்கொடுத்துவிடுகிறது. தோற்றத்தை அளவுகோலாகக் கொண்ட எந்தக் குழுவையும் சுகாதாரக் கண்ணோட்டம் உள்ள ஒருவர் மேற்பார்வை செய்தல் அவசியம்.

இனி உற்சாகக் குழு. நான்கனுள் மிகுதியாக ஏளனம் செய்யப்படுவதும், மிகுதியான அபாயம் நிறைந்ததும் இதுவே. தொடக்கத்தில் இது ஆண்களின் காரியமாக இருந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அடுத்தடுத்துத் தோற்று மனம் சோர்ந்திருந்த வேளையில், 1898 நவம்பரில் ஒரு நாள், ஜானி காம்ப்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் கோஷமிடச் செய்தார். அன்று அணி வென்றது. அதே பல்கலைக்கழகத்தில் 1923இல் பெண்கள் குழுவில் இடம்பெற்றனர்; இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் சென்றபின் அது பெரும்பாலும் பெண்களின் துறையாயிற்று. டெக்சாஸ்காரராகிய லாரன்ஸ் ஹெர்கிமர் 1948இல் ஹன்ட்ஸ்வில் நகரில் 52 பெண்களையும் ஓர் ஆணையும் கொண்டு முதற் பயிற்சி முகாமை நடத்தி, இதை ஒரு தேசிய ஸ்தாபனமாகவே வளர்த்தார். கூட்டத்தை ஒன்று சேர்க்கும் கோஷத்தோடு நின்ற கலை, 1970ஆம் ஆண்டுகளுக்குப்பின் ஜிம்னாஸ்டிக்ஸைத் தழுவி, ஒருவரையொருவர் தோளிலும் கையிலும் ஏந்தி மேலே எறியும் வித்தையாக மாறியது. ஆனால் பள்ளி நிர்வாகங்களின் மனத்தில் அது பழைய கோஷக் குழுவாகவே தங்கிவிட்டது. இந்த முரண்பாட்டில்தான் துன்பமெல்லாம் தொடங்குகிறது.

அடிப்படை ஏற்றம் ஒன்றை அருகிருந்து கவனித்தால் இது விளங்கும். தாங்குவோர் இருவர் எதிரெதிரே நின்று முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, உள்ளங்கைகளை ஏந்துகின்றனர். மேலேறுபவள் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கைகளில் கால் வைக்கிறாள். பின்னால் நிற்கும் நான்காமவள் அவளுடைய கணுக்கால்களைப் பற்றிக்கொள்கிறாள். எட்டு வரை எண்ணும் கணக்கைச் சொல்பவள் பெரும்பாலும் அவளே. எண்ணிக்கையின் குறித்த இடத்தில் தாங்குவோர் முதுகால் தூக்காமல் தொடையின் வலிமையால் எழுகின்றனர். மேலிருப்பவள் உடலைத் தளரவிடாமல் முழுதும் இறுக்கிக்கொள்கிறாள், ஏனெனில் தளர்ந்த உடல் இறுகிய உடலைக் காட்டிலும் தாங்குவதற்கு அரிது. நான்காமவளின் கண் ஒரு கணமும் மேலிருப்பவளை விட்டு அகலுதல் கூடாது. அவள் சாய்ந்தால் தலையையும் கழுத்தையும் காப்பதே இவளது முதற் கடமை. சபைக்குத் தெரிவது மேலே நிற்பவளின் புன்னகை. உயிர் தங்கியிருப்பது பின்னே நிற்பவளின் கைகளில்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் விளையாட்டுகளால் அடையும் மிகக் கொடிய காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்துறையைச் சேர்ந்தவை என்று எடுத்துக்காட்டி, இதை விளையாட்டாகவே அங்கீகரிக்க வேண்டும், பயிற்சி தொடங்குமுன் உடற்பரிசோதனை வேண்டும், தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர் வேண்டும், கடினமான அல்லது ஈரமான தரையில் ஏற்றங்கள் கூடாது என்று வற்புறுத்தியது. இதற்கு ஈராண்டு முன்னர், பெண்களுக்குச் சம வாய்ப்பு வழங்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிக் கனெக்டிகட் மாநிலத்தில் எழுந்த வழக்கில், கைப்பந்து அணியைக் கலைத்து அதன் இடத்தில் உற்சாகக் குழுவைக் கணக்குக் காட்டிய குவின்னிபியாக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, அன்றைய அமைப்பில் அது சட்டத்தின்படி விளையாட்டாகாது என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டத்தின் நோக்கத்தைக் கொண்டு பார்க்கையில் தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் விளையாட்டு என்ற பெயர் இல்லாததால் மருத்துவக் கண்காணிப்பும் பயிற்சியிடமும் கிடைக்காமற் போகும் பெண்களின் நிலையை அது தீர்க்கவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2015இல் இத்துறையை விளையாட்டாக ஏற்பதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் இத்துறையின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. பெயர் எதுவாயினும் ஆகுக. மூன்று பேர் ஒருத்தியை உயரத் தூக்குகிற இடத்தில் பாய் விரித்திருக்கவும், முதலுதவி அறிந்த பெரியவர் ஒருவர் நிற்கவும் வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

நான்காம் பாடம் தொழிலைப் பற்றியது. பிள்ளைகளுக்குத் தொழில் தேர்வில் வழிகாட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர், 1908இல் பாஸ்டன் நகரில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ். அதே ஆண்டில் அவர் மறைந்துவிட, மறுவருஷம் வெளிவந்த அவரது நூல் மூன்று படிகளை வகுத்தது: தன்னுடைய ஆற்றலையும் குறையையும் அறிதல், தொழில்களின் தேவைகளையும் பலன்களையும் அறிதல், இவ்விரண்டையும் நேர்மையாகப் பொருத்திப் பார்த்தல். நூறாண்டு கடந்தும் இதனினும் தெளிவான முறையை நான் கண்டதில்லை. 1917ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டம் விவசாயத்தையும் கைத்தொழிலையும் மனையியலையும் மட்டுமே கருதியது. தொழிற்கல்விச் சட்டத்தின் வழியே செவிலியப் பயிற்சிக்கென்று மத்திய அரசின் தனி உதவி 1956இல் கிட்டியது. 1972இல் ஹூஸ்டன் நகரப் பள்ளி நிர்வாகமும் பேய்லர் மருத்துவக் கல்லூரியும் இணைந்து, சுகாதாரத் தொழில்களுக்கென்றே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தன. இருதய சிகிச்சை நிபுணர் மைக்கேல் டிபேக்கியின் பெயரை அது இன்று தாங்கி நிற்கிறது. சுகாதாரத் தொழில்களை நாடும் மாணவர்களுக்கான ஹோசா என்னும் சங்கம் 1976இல் தோன்றியது.

சுகாதார வகுப்பின் முதற் பயிற்சி நான்கு உயிர்க்குறிகளை அளப்பது: உடல் வெப்பம், நாடி, சுவாசம், இரத்த அழுத்தம். நாடியைப் பார்க்க நோயாளியின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும்; பார்ப்பவர் தம் கட்டைவிரலை வைக்கலாகாது, அதற்கே துடிப்பு உண்டாகையால் கணக்குப் பிசகும். நாடியை எண்ணி முடித்தபின் கையை எடுத்துவிடாமல், இன்னும் நாடி பார்ப்பவரைப் போலவே இருந்துகொண்டு, மார்பு எழுந்து தாழ்வதை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு உடனே மாறிவிடும். பிறர் பார்வை பட்டதும் சரீரம் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது என்ற உண்மையை நாடக மாணவன் மேடையில் அறிகிறான். சுகாதார மாணவி அதையே படுக்கையருகில் அறிகிறாள்.

தொழில் திட்டத்தில் பள்ளிகள் செய்யும் பெருந்தவறு, டாக்டர், நர்ஸ் என்ற இரண்டு உத்தியோகங்களுக்கு அப்பால் மாணவர் கண்ணைத் திறக்காதது. சிகிச்சை, நோயறிதல், மருத்துவத் தகவல், துணைச் சேவை, உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி என்று பல பாதைகள் இத்துறையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய காலமும் வேறு. முதியோர் இல்லங்களில் பணிபுரியும் செவிலியர் உதவியாளர்க்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி போதும். பள்ளியிலிருக்கும்போதே அதை முடிப்போர் பலர். பேச்சுப் பயிற்சி நிபுணர்க்கு முதுகலைப் பட்டமும், இயன்முறை மருத்துவர்க்கு அதனினும் நீண்ட படிப்பும் வேண்டும். பதினான்கு வயதில் இரசாயனத்தையும் அல்ஜீப்ராவையும் ஒதுக்கிவிட்ட மாணவிக்குப் பதினெட்டு வயதில் இவற்றுட் பல எட்டாமற் போகின்றன. ஆகவே முதற்படியான சான்றிதழைக் காட்டி, ஏழைக் குடும்பத்துப் பெண்ணை அங்கேயே அமர்த்திவிடுகிற வழிகாட்டி, வழியை மறைப்பவரே ஆவார். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் வேண்டிய பாடங்களை அன்றைக்கே எழுதிக் கொடுப்பதே திட்டம் என்னும் பெயருக்குத் தகும்.

இந்நான்கையும் இணைக்கும் பாதைகள் நெடுநாளாகத் திறந்தே இருக்கின்றன. 1963இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயின் அறிகுறிகளைப் பிறழாமல் நடித்துக் காட்டுமாறு ஒருவரைப் பழக்கி, அவர் மூலம் மருத்துவ மாணவர்களின் திறமையைச் சோதித்தார். அம்முறை மருத்துவக் கல்லூரிகளெங்கும் பரவி, 2004 முதல் 2020 வரை மருத்துவ உரிமத் தேர்வின் ஒரு பகுதியாகவும் இருந்தது. மேடையில் கற்ற கலைக்கு மருத்துவமனையில் ஊதியம் உண்டு என்பதை எத்தனை நாடக மாணவர்கள் அறிவார்கள்? நடனக் கலைஞர் மரியன் சேஸ் 1942இல் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு பணிசெய்யத் தொடங்கினார். அவர் வகுத்த வழியில் 1966இல் நடன சிகிச்சையாளர் சங்கம் அமைந்தது. நியூயார்க்கில் நடனக் காயங்களுக்கென்றே ஹார்க்னஸ் மையம் 1989இல் எழுந்தது. விளையாட்டு வீரர்களின் காயம் காத்துப் பேணும் பயிற்றுநர்களின் துறையை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் சுகாதாரத் தொழிலாக ஏற்றது.

குரலைப் பற்றி முன்னே சொன்னதை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். உற்சாகக் குழுவினர் ஆட்டம் முழுதும் உரத்துக் கூவுவதால் தொண்டை கம்மி, குரல்நாணில் தடிப்பு உண்டாகி, பேச்சுப் பயிற்சி நிபுணரை நாடுவது அபூர்வமன்று. அதே கட்டிடத்தில், சில அறைகள் தள்ளி, மூச்சைக் கொண்டு குரலை எழுப்பும் முறையை நாடக ஆசிரியர் நாள்தோறும் கற்பிக்கிறார். இன்னொரு அறையில் குரல்வளையின் படத்தைச் சுவரில் மாட்டி, அதன் பகுதிகளைச் சுகாதார ஆசிரியர் விளக்குகிறார். மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத குறை ஒன்றினால், காக்கக்கூடிய குரல் கெடுகிறது. முழங்காலுக்கும் கழுத்துக்கும் இதுவே கதி.

ஆகவே இப்பாடங்களை நடத்தும் பள்ளித் தலைவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: புதுக் கட்டிடமோ புது நிதியோ வரும் வரை காத்திராமல், சுகாதார வகுப்பின் முதலுதவிப் பயிற்சியில் நடனக் குழுவையும் உற்சாகக் குழுவையும் இந்த ஆண்டே சேர்த்து உட்காரவையுங்கள், நாடக ஆசிரியரை மாதம் ஒருமுறையேனும் மைதானத்துக்கு அழைத்துக் குரற்பயிற்சி கொடுக்கச் செய்யுங்கள், நோயாளியாய் நடித்துச் சுகாதார மாணவர்க்கு உதவ நாடக மாணவர்களை அனுப்புங்கள். பெற்றோரும், மகள் மேலே தூக்கப்படும் இடத்தின் தரை எத்தகையது, பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைக் கேட்டறிந்த பின்னரே சம்மதச் சீட்டில் கையெழுத்திட வேண்டும்.